பெயர் பிழைத்தால் பயிர் பிழைக்குமா?

ஒரு சிறு ஜந்துவின் பெயர் என்ன என்பதைப் பற்றிச் சாஸ்திர பண்டிதர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிக் கொண்டிருப்பதைக் காண்பவர்கள் நகைப்பது இயல்பே. அரிசி விலையும் கூலியும் கடனும் மக்களை வாட்டிக் கொண்டிருக்கையில், அரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பூச்சியின் கொம்பில் எத்தனை கணுக்கள் உண்டு என்று எண்ணுவதிலே ஒருவர் வாழ்நாளைக் கழிப்பது வீண் காலக்ஷேபம் அல்லவா என்று அவர்கள் கேட்கக்கூடும். இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடுவதற்கில்லை. பொதுப் பணத்தைக் கொண்டு நடைபெறும் எந்த ஆராய்ச்சியும் பொது ஜனங்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டதே. ஆனால் அந்தக் கணக்கைச் சரியாகப் பார்த்தால், பூச்சியின் கொம்புக் கணுக்களை எண்ணியவர்கள் கரும்பையும் திராட்சையையும் காத்திருப்பதும், எண்ணத் தவறிய இடங்களில் பல்லாண்டு உழைப்பு பாழானதும் விளங்கும். 'தேவதைக் குளவி'களின் சரித்திரமே இதற்குத் தக்க சான்று.

அணுவென்று பெயர் பெற்ற குளவி

மைமாரிடே என்பது ஒரு குளவிக் குடும்பம். ஆங்கிலேயர் இக்குடும்பத்துப் பூச்சிகளை 'ஃபேரி ஃப்ளை', அதாவது தேவதை ஈ, என்று அழைப்பர். உண்மையில் இவை ஈக்கள் அல்ல. குளவி வர்க்கத்தைச் சேர்ந்தவை. ஆயினும் மனிதரைக் கொட்டமாட்டா. பெரும்பாலானவற்றின் உடல் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது. இறக்கை என்று சொல்லத்தக்க தகடு மிகக் குறுகியது. அதன் ஓரத்தைச் சுற்றி நீண்ட மயிர்கள் வரிசையாக நிற்கின்றன. பின் இறக்கையோ ஒரு காம்பு போலவே இருக்கிறது. இத்தகைய இறக்கையைக் கொண்டு இவை காற்றில் நீந்துகின்றன என்று கூறினாலும் தகும்.

இக்குடும்பத்தில் ஏறத்தாழ 100 பேரினங்களும் 1,400 இனங்களும் இதுவரை அறியப்பட்டிருக்கின்றன. உலகத்துப் பூச்சிகள் யாவற்றிலும் மிகச் சிறியது இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 1997-ம் ஆண்டில் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட டிகோபொமார்ஃபா எக்மெப்டெரிகிஸ் என்ற இனத்தின் ஆண், 0.139 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. அதற்குக் கண்ணும் இல்லை, இறக்கையும் இல்லை. இத்தகைய ஏழு பூச்சிகளை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு மில்லிமீட்டர் நிரம்பாது!

இவற்றின் ஜீவனம் விசித்திரமானது. பிற பூச்சிகளின் முட்டைகளைத் தேடிச் சென்று, அவற்றுக்குள் இவை தங்கள் முட்டையை இடுகின்றன. உள்ளே பிறக்கும் புழு அந்த முட்டையின் சத்தையே உண்டு வளர்ந்து, குளவியாக வெளிவருகிறது. அந்த முட்டையிலிருந்து வந்திருக்க வேண்டிய பூச்சி பிறப்பதே இல்லை. பயிரைத் தின்னும் பூச்சி பிறக்கு முன்னரே அதை ஒழிக்கும் காவலாளிக்கு, எந்தச் சர்க்காரும் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை.

இக்குடும்பத்தில் விவசாயத்துக்கு மிகவும் வேண்டிய பேரினங்களுள் ஒன்று அனாக்ரஸ். தத்துப்பூச்சிகளின் முட்டைகளே இதற்குப் பெரும்பாலும் இரை. இப்பேரினத்தைச் சேர்ந்த ஓர் இனத்தை 1767-ம் ஆண்டிலேயே ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் கண்டு, 'அடோமஸ்' என்று பெயரிட்டார். அணு என்பது அதன் பொருள். மேலும் பகுக்க முடியாதது என்பது அச்சொல்லின் தாத்பரியம். 1829-ல் ஆங்கிலேயரான ஜான் கர்ட்டிஸ் 'மைமார்' என்ற பேரினத்தை ஏற்படுத்தினார். 1833-ல் அயர்லாந்துக்காரரான அலெக்ஸாண்டர் ஹென்றி ஹாலிடே இத்தகைய குளவிகளை ஒரு தனிக் கூட்டமாகப் பிரித்து, அனாக்ரஸ் முதலிய பேரினங்களை வகுத்தார். பகுக்க முடியாததென்று லின்னேயஸ் பெயரிட்ட அணுவைப் பின்வந்தோர் பகுத்துக் கொண்டே போனதுதான் இச்சாஸ்திரத்தின் வரலாறு.

பெயரிடுவதில் குழப்பம் அக்காலத்திலேயே தோன்றிவிட்டது. 1862-ல் ஸர் ஜான் லப்பக், குளத்து நீரைப் பாத்திரத்தில் எடுத்து ஆராய்கையில், இறக்கைகளையே துடுப்பாகக் கொண்டு நீருக்கடியில் நீந்தும் ஒரு குளவியைக் கண்டு வியந்தார். நூதனமான இனம் என்று கருதி அதற்குப் பெயரும் சூட்டினார். ஆனால் அதே குளவிக்கு 1846-லேயே பிரான்ஸிஸ் வாக்கர் என்பவர் வேறு பெயர் வைத்திருந்தார். ஒரே ஜந்துவுக்கு இரண்டு பெயர்கள் வழங்கினால், ஒரு பெயரின் கீழ் அறிந்த விஷயம் மற்றொரு பெயரைத் தேடுவோனுக்கு எட்டாமற் போகும். இது ஒருவகைத் தீங்கு. பல ஜந்துக்களுக்கு ஒரே பெயர் வழங்குவது இதனினும் பெரிய தீங்கு. அதைப் பின்னர் காண்போம்.

இனங்காணும் முறை

இக்குளவிகளைப் பிடிப்பது கஷ்டமல்ல. வயல் வரப்பிலே மஞ்சள் நிறத் தட்டுக்களில் சவுக்காரம் கலந்த நீரை ஊற்றி வைத்தால், அந்த நிறத்தை நாடி வந்து விழுகின்றன. கஷ்டமெல்லாம் அதற்குப் பின்னர்தான். பிடித்த குளவியை மருந்து நீரில் இட்டு, உடலிலுள்ள மாம்ஸத்தைக் கரைத்து, ஓட்டை மட்டும் கண்ணாடி போலத் தெளியச் செய்ய வேண்டும். பிறகு தலை, கொம்பு, இறக்கை, கால் ஆகியவற்றை மெல்லிய ஊசியால் பிரித்து, கண்ணாடிச் சில்லின் மேல் கனடா பால்ஸம் என்ற பிசினில் பதித்து மூட வேண்டும். கை சற்றே நடுங்கினாலும் கொம்பு ஒடிந்து போகும். கொம்பு ஒடிந்தால் அடையாளமும் போயிற்று.

இவ்வாறு பதித்ததைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்க்கும்போது, முதலில் குடும்பத்தை நிர்ணயிக்கிறார்கள். கொம்புகள் ஒன்றுக்கொன்று விலகி முளைத்திருப்பதும், நெற்றியில் குறுக்கும் நெடுக்குமாகக் கருநிறக் கோடுகள் ஓடுவதும் மைமாரிடே குடும்பத்தின் முத்திரை. அடுத்தபடி பாதத்தைப் பார்க்கிறார்கள். இக்குடும்பத்தில் சிலவற்றின் பாதத்துக்கு ஐந்து கணுக்கள், சிலவற்றுக்கு நான்கு. அனாக்ரஸுக்கு நான்கே. அதன் பெண்ணின் கொம்பில் ஒன்பது பாகங்கள் உண்டு. கடைசிப் பாகம் ஒரு தடியைப் போலப் பருத்திருக்கும். ஆணின் கொம்போ பதின்மூன்று பாகங்களுடன் நூல் போல நீண்டது. இடையும் குளவிகளுக்கு வழக்கமான ஒடுங்கிய இடையாக இல்லாமல், மார்பும் வயிறும் அகலமாகவே சேர்ந்திருக்கும். இத்தனை அடையாளங்களும் பொருந்தினால் பேரினம் அனாக்ரஸ் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் பேரினத்தை அறிந்ததோடு வேலை முடிவதில்லை. பெண்ணின் கொம்பு நுனித் தடியில் நீளவாட்டாக மெல்லிய வரம்புகள் சில உண்டு. அவை மூன்றாக இருப்பின் அடோமஸ் கூட்டம். ஐந்தாக இருப்பின் இன்கார்னாட்டஸ் கூட்டம். அதற்கு மேலும் இறக்கையிலுள்ள மயிர்கள் எவ்விடத்தில் அடர்ந்தும் எவ்விடத்தில் இல்லாமலும் இருக்கின்றன, முட்டையிடும் ஊசி முன்னங்காலைப் போல எத்தனை பங்கு நீளம் என்பவற்றையெல்லாம் அளந்து, பல மாதிரிகளை ஒப்பிட்ட பின்னரே இனத்தின் பெயரைத் துணிகிறார்கள். வெறுங்கண்ணுக்குத் தூசியாகத் தோன்றும் ஒரு ஜந்துவின் கொம்பு நுனியில் உள்ள வரம்பு மூன்றா, ஐந்தா என்பதில் என்ன இருக்கிறது? அதற்கு விடை வயலில்தான் கிடைக்கும்.

ஹவாய்க் கரும்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களை ஒரு தத்துப்பூச்சி சூறையாடிற்று. 1903-ல் கிர்க்கால்டி என்ற பூச்சி சாஸ்திரி அதற்குப் 'பெர்கின்ஸியெல்லா ஸாக்கரிஸிடா' என்று பெயரிட்டார். பின் பாதிச் சொல்லுக்குக் கரும்பைக் கொல்வது என்று பொருள். அது ஹவாயில் தோன்றியதன்று, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து வந்து சேர்ந்தது என்று தெரிந்தது. சொந்த நாட்டில் அது அவ்வளவு நாசம் விளைவிக்கவில்லை. ஆகவே அங்கே அதை அடக்கி வைத்திருக்கும் சத்துரு ஏதேனும் இருக்க வேண்டும் என்று அனுமானித்து, தோட்ட முதலாளிகளின் சங்கம் 1904-ல் கோபெல், பெர்கின்ஸ் என்ற இருவரைக் குயின்ஸ்லாந்துக்கு அனுப்பியது.

அவர்கள் அங்கே கரும்பிலையில் இட்டிருந்த தத்துப்பூச்சி முட்டைகளிலிருந்து தேவதைக் குளவிகள் வெளிவருவதைக் கண்டு, அவற்றை ஹவாய்க்குக் கொணர்ந்து விடுவித்தனர். பெர்கின்ஸ் அவற்றை ஆராய்ந்து, அனாக்ரஸ் பேரினத்திலும் அதை ஒட்டிய பராநாக்ரஸிலும் இனங்களாக வகுத்து, 1905-ல் பெயரிட்டு வெளியிட்டார். அக்குளவிகள் பரவப் பரவப் பூச்சியின் கொட்டம் தணிந்தது. முட்டையை உறிஞ்சும் மற்றொரு பூச்சியை 1920-ல் கொணர்ந்த பிறகு அது முற்றிலும் அடங்கிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பயிரின் சத்துரு யார், அவன் ஊர் எது, அவனுக்குச் சத்துரு யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் சரியான பெயர்களே விடையாக அமைந்தன. பெயரிட்டவரும் வயலில் இறங்கியவரும் ஒருவராகவே இருந்தமையால், எந்தக் குளவியை விடுகிறோம் என்பதில் மயக்கம் ஏற்படவில்லை.

கலிபோர்னியாத் திராட்சை

அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில் நடந்தது வேறு விதம். அங்கே திராட்சைக் கொடிகளை ஒரு தத்துப்பூச்சி வருத்திக் கொண்டிருந்தது. சில தோட்டங்களில் மட்டும் அதன் தொல்லை குறைவாக இருந்தது. டவுட், நகாட்டா என்ற இருவர் இதன் காரணத்தை ஆராய்ந்து 1965-ல் வெளியிட்டனர். திராட்சைத் தத்துப்பூச்சி குளிர்காலத்தில் முட்டையிடுவதில்லை. ஆகவே அதன் முட்டையை நம்பி வாழும் அனாக்ரஸ் குளவிக்கு அக்காலத்தில் ஜீவனமில்லை. ஆனால் ஆற்றோரங்களில் காடாக மண்டியிருந்த கருநாவல் முட்செடிகளில் வேறொரு தத்துப்பூச்சி குளிர்காலத்திலும் முட்டையிட்டது. குளவி அங்கே காலங்கழித்து, வசந்தத்தில் திராட்சைக்குத் திரும்பிற்று. முட்புதருக்கு அருகிலிருந்த தோட்டங்கள் தப்பியதன் ரகசியம் இதுவே.

அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. உடனே திராட்சைத் தோட்டங்களின் அருகே முட்செடிகளை வைத்து வளர்க்கலானார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. 1980-களில் பிளம் வகை மரங்களை நட்டுப் பார்த்தார்கள்; அவற்றிலும் குளிர்காலத்தில் ஒரு தத்துப்பூச்சியின் முட்டைகள் இருக்கின்றன. சில இடங்களில் பயன் தெரிந்தது. சில இடங்களில் தெரியவில்லை. செடியின் குறையா, நிழலின் குறையா, தூரத்தின் குறையா என்று பலவாறு ஆராய்ந்தனர். காரணங்கள் பல இருந்திருக்கலாம். ஆனால் அத்தனை காலமும் ஒரு விஷயம் மட்டும் சரிபார்க்கப்படாமலே இருந்தது. அதுதான் குளவியின் பெயர்.

அக்குளவியை யாவரும் 'அனாக்ரஸ் எபோஸ்' என்று அழைத்து வந்தனர். அப்பெயரை 1911-ல் ஜிரால்ட் என்ற அமெரிக்கர் சூட்டினார். பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறி, ஆயிரக்கணக்கான நுண்ணிய குளவிகளுக்குப் பெயரிட்டவர் அவர். மேலதிகாரிகளோடு ஓயாமற் பிணங்கி, சொந்தச் செலவில் சிறு பிரசுரங்களை அச்சிட்டு, 1941-ல் காலமானார். அவருடைய உழைப்பு அசாதாரணமானது. ஆனால் விவரணைகள் மிகச் சுருக்கமானவை. ஒரே கண்ணாடிச் சில்லின் கீழே பல இனங்களின் துண்டுகளைச் சேர்த்துப் பதித்து விடுவதும் அவர் வழக்கம். பின்வந்தவர்கள் எந்தத் துண்டு எந்தப் பெயருக்கு உரியது என்று திண்டாட நேர்ந்தது.

1990-களில் செர்கே திரியாபிட்ஸின் என்பவர் வட அமெரிக்காவிலிருந்து திரட்டிய மாதிரிகளை நுணுகி ஆராய்ந்தார். 'எபோஸ்' என்ற ஒரே பெயரின் கீழ்ப் பல இனங்கள் மறைந்திருந்தன என்பது 1998-ல் தெளிவாயிற்று. எரித்ரோநூரே, டானேயி, ட்ரெட்டியாகோவே என்பன அவற்றுட் சில. இவை பார்வைக்கு ஒன்றே போன்றவை. ஆனால் எல்லாம் ஒரே தத்துப்பூச்சியின் முட்டையை ஒரே அளவில் நாடுவதில்லை. எனவே எந்தச் செடியை நட வேண்டும் என்று கேட்பதற்கு முன், எந்தக் குளவிக்காக நடுகிறோம் என்று கேட்க வேண்டியதாயிற்று. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டது.

டவுட் சாமானியரல்லர். மைமாரிடே குடும்பத்தின் பேரினங்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி, 1961-ல் அன்னெக்கே என்பவருடன் சேர்ந்து நூல் வெளியிட்டவர் அவரே. பேரினங்களை அவ்வளவு நன்கு அறிந்தவருக்கும் இனங்களின் பேதம் புலப்படவில்லை என்றால், குறை அவருடையதன்று. அந்தப் பேதத்தைக் காட்டக்கூடிய வேலையை உலகத்தில் எவரும் அதுவரை செய்து முடிக்கவில்லை.

பெயர்கள் ஏன் மாறுகின்றன?

"இன்று ஒரு பெயர், நாளை ஒரு பெயர் என்று மாற்றிக் கொண்டே இருந்தால் குடியானவன் எதை நம்புவது?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. திராட்சைக்கு நோயைப் பரப்பும் ஒரு தத்துப்பூச்சி 1999-ல் தாஹிட்டித் தீவில் புகுந்தது. 2005-ல் அங்கே விடப்பட்ட தேவதைக் குளவி, சில மாதங்களிலேயே அதன் எண்ணிக்கையை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறைத்து விட்டது. அப்போது அக்குளவிக்கு கோனடோசெரஸ் ஆஷ்மீடி என்று பெயர். 2015-ல் ஹ்யூபர் என்பவர் அப்பேரினத்தையே பலவாகப் பிரித்தபோது, அது காஸ்மோகோமாய்டியா ஆஷ்மீடி ஆயிற்று.

நிலத்தை மறு அளவை செய்வதை எண்ணிப் பார்த்தால் இதன் நியாயம் விளங்கும். இரண்டு குடும்பங்களுக்கு உரிய நிலம் ஒரே பட்டாவில் இருந்துவிட்டால், வழக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். மறு அளவையில் சர்வே எண் மாறுவது தொல்லைதான். ஆனால் மாறாமல் விட்டால் வருவது அதனினும் பெருந்தொல்லை. பூச்சியின் பெயர் மாற்றமும் அத்தகையதே.

இக்காலத்தில் இவ்வேலைக்கு டி.என்.ஏ. பரிசோதனை பெருந்துணையாக வந்திருக்கிறது. கலிபோர்னியாவுக்குக் கொணரலாமா என்று ஆராயப்பட்ட ஒரு தென் அமெரிக்கக் குளவி, அப்பரிசோதனையில் ஒன்றல்ல என்று தெரிந்து, 2008-ல் ஒரு பிரிவுக்குத் தனிப் பெயர் வைக்கப்பட்டது. அதை அறியாமலே கப்பலேற்றியிருந்தால், ஆராய்ந்தது ஒன்றும் விட்டது ஒன்றுமாக முடிந்திருக்கும். ஆயினும் டி.என்.ஏ. இரண்டும் வேறு என்று மட்டுமே சொல்லும். இவற்றுள் எது முன்னோர் பெயரிட்டது என்பதைச் சொல்ல, அந்தப் பழைய கண்ணாடிச் சில்லும், அதைப் படிக்கத் தெரிந்த கண்ணும் வேண்டும். யந்திரம் வந்துவிட்டது, இனிப் பண்டிதர் வேண்டாம் என்று எண்ணுவது தவறு.

நமது நெல் வயல்

இவையெல்லாம் அந்நிய நாட்டுக் கதைகள் என்று தள்ளிவிட வேண்டாம். புகையான் என்று நமது குடியானவர்கள் அஞ்சும் பூச்சியும் தத்துப்பூச்சி வர்க்கத்தைச் சேர்ந்ததே. அது நெல்லின் இலையுறைக்குள் முட்டையிடுகிறது. ஆசியாவின் நெல் வயல்களில் அம்முட்டைகளை அழிப்பவற்றுள் முக்கியமானது இதே அனாக்ரஸ். 1985-ல் சீன அறிஞர் இருவர் இப்பேரினத்தின் ஓர் இனத்துக்குப் புகையானின் சாஸ்திரப் பெயரை ஒட்டியே 'நிலபர்வாத்தே' என்று பெயரிட்டனர்.

மருந்தை வாரித் தெளித்தால் புகையான் ஒழியும் என்ற எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தோனேஷியா பட்டறிந்தது. தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகிற்று. அதன் சத்துருக்கள் முதலில் மாண்டன என்பதே காரணம். 1986-ல் அந்நாட்டுச் சர்க்கார் 57 வகை மருந்துகளை நெல்லுக்குத் தெளிக்கலாகாதென்று தடுத்தனர். கண்ணுக்குத் தெரியாத காவலாளிகளின் மதிப்பை ஒரு தேசம் உத்தியோகபூர்வமாக ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் அது.

நம்மிடம் அறிஞர் இல்லாமற் போகவில்லை. எம். எஸ். மணி அவர்கள் இந்தியாவின் ஒட்டுண்ணிக் குளவிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர். 1983-ல் சுப்பா ராவும் அலிகார் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹயாத்தும் கீழ்த்திசை நாடுகளின் தேவதைக் குளவிப் பேரினங்களை இனங்காணும் நூலை வெளியிட்டனர். சிதம்பரம் அண்ணாமலை சர்வகலாசாலையிலும் இக்குடும்பத்தைப் பற்றிய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பெங்களூரில் விவசாயப் பூச்சிகளுக்கென்று தேசிய ஸ்தாபனம் ஒன்றும் உண்டு. ஆனால் ஓர் இனத்தின் பெயருக்கு இறுதிப் பிரமாணம், முதன்முதல் பெயரிடப்பட்ட அந்த மாதிரியே. அந்நிய ஆட்சிக் காலத்தில் விவரிக்கப்பட்ட நமது நாட்டுப் பூச்சிகள் பலவற்றின் மூல மாதிரிகள் லண்டன் காட்சிசாலையில் இருக்கின்றன. நம் வயல் வரப்பில் பிடித்த பூச்சியின் பெயரைத் துணிய, கடல் கடந்த அலமாரியைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நாம் வற்புறுத்த வேண்டியவை சில உண்டு. இனங்காணும் சாஸ்திரத்தைக் கற்ற இளைஞருக்கு அதிலேயே நிலையான உத்தியோகம் வேண்டும். இல்லையேல் ஒரு தலைமுறையின் கண்பயிற்சி அவர்களோடு மறைந்து போகும். மூல மாதிரிகளின் தெளிவான படங்கள் எங்கிருந்தாலும் நமது ஆராய்ச்சிசாலைகளுக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். நம் நாட்டு மாதிரிகள் இனி நம் நாட்டிலேயே செம்மையாகப் பாதுகாக்கப்பட வேண்டும். எந்தக் குளவி எந்தப் புல்லில் உள்ள முட்டையில் காலங்கழித்து நெல்லுக்குத் திரும்புகிறது என்று தெரியாமல் வரப்பைச் சுட்டெரிப்பதும் மருந்தடிப்பதும் நிற்க வேண்டும்.

கொம்பு நுனியில் வரம்பு மூன்றா, ஐந்தா என்று எண்ணுகிறவரை இனி எவரேனும் நகைத்தால், ஹவாய்க் கரும்பையும் கலிபோர்னியாத் திராட்சையையும் அவருக்கு எடுத்துக் காட்டலாம். பெயர் பிழைத்த இடத்தில் பயிர் பிழைப்பது அரிது.